வயலின் நடுவே ஒரு பாதை

முன்னுரை

ஓய்வுநாள் ஒன்றில் ஆண்டவர் இயேசு தம் சீடரோடு விளைந்த வயல் வழியே நடந்து சென்றார் என்றும், பசியுற்ற சீடர்கள் கதிர்களைக் கொய்து உண்டார்கள் என்றும் நற்செய்தியில் நாம் படிக்கிறோம். பரிசேயர் அவர்கள்மீது குற்றம் சாட்டினர். ஆனால் அக்குற்றச்சாட்டு ஓய்வுநாளைப் பற்றியது. பிறருடைய வயலில் நடந்தார்கள் என்றோ, பிறருடைய கதிரைக் கொய்தார்கள் என்றோ அவர்கள் குறை கூறவில்லை. ஏன்? அயலாரின் விளைநிலத்தில் செல்பவர் கையால் கதிர் கொய்யலாம், ஆனால் அரிவாளை வைக்கலாகாது என்பது இணைச்சட்ட நூலில் காணப்படும் விதி. கை ஆகும், அரிவாள் ஆகாது. வழிப்போக்கரின் பசியையும் உழவரின் உழைப்பையும் ஒருங்கே காக்கும் எத்துணை அழகிய எல்லை இது!

இதைப் போன்ற ஓர் எல்லை இன்று இங்கிலாந்து நாட்டு வயல்களிலும் உண்டு. அங்கே உழவு நடக்கும் நிலங்களின் குறுக்கே பொதுமக்களுக்கு உரிமையான நடைபாதைகள் ஓடுகின்றன. யாரும் நடக்கலாம், நில உரிமையாளர் தடுக்க முடியாது. ஆனால் மிதிவண்டி ஓட்டிச் செல்லும் உரிமை அப்பாதைகளில் இல்லை. கால் ஆகும், சக்கரம் ஆகாது. இவ்விதி ஏன் தோன்றியது? இது நியாயமானதா? இதனால் எழும் பூசலுக்குத் தீர்வு உண்டா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம். உரிமை என்றால் என்ன, அயலார் என்றால் யார் என்பதை இந்தச் சிறு பாதை நமக்குக் கற்பிக்கக் கூடும்.

ஒரு சிறுமியும் இரண்டு வழிகளும்

பாடத்தைத் தெளிவாக்க ஒரு சிறுமியை மனக்கண்முன் நிறுத்துவோம். இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் அவள் வாழ்கிறாள். பள்ளி 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவளிடம் ஒரு மிதிவண்டி உண்டு. பள்ளிக்குச் செல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது சாலை. இருபுறமும் ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்த உயிர்வேலி. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. சாலை ஓரத்தில் ஒதுங்க இடம் கிடையாது. வேறு அறிவிப்பு வைக்கப்படாத இத்தகைய ஊரகச் சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர். இரண்டாவது, கோதுமை வயலையும் ஆட்டு மேய்ச்சல் நிலத்தையும் கடந்து செல்லும் நடைபாதை. அதில் மோட்டார் வண்டி வராது, தொலைவும் குறைவு. ஆனால் அப்பாதையின் தொடக்கத்தில் நாட்டியிருக்கும் கம்பத்தில் மஞ்சள் நிற அம்புக்குறி மட்டுமே இருக்கிறது. அதன் பொருள், நடப்பவர் மட்டும் செல்லலாம் என்பதே.

அவள் எந்த வழியே செல்ல வேண்டும்? விடையை உடனே கூறிவிடாமல், முதலில் அந்தப் பாதையின் வரலாற்றைப் பார்ப்போம்.

பாதை பிறந்த விதம்

இந்நடைபாதைகளில் பெரும்பாலானவற்றை எந்த அரசரும் அமைக்கவில்லை. எந்தப் பொறியாளரும் திட்டமிடவில்லை. ஊரார் கோயிலுக்கும், மாவரைக்கும் ஆலைக்கும், சந்தைக்கும், பக்கத்து ஊருக்கும் நடந்து நடந்து உண்டான வழிகள் அவை. இறந்தவரின் உடலைக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்து சென்ற பாதைகளும் அவற்றுள் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காலடி பட்ட இடத்தை ஆங்கிலேயச் சட்டம் நெடுஞ்சாலைக்கு நிகராக மதிக்கிறது. ஒருமுறை பொதுவழி ஆனது என்றைக்கும் பொதுவழியே என்பது அச்சட்டத்தின் பழைய கொள்கை. பல ஆண்டுகள் எவரும் நடக்காமல் முட்செடி மூடினாலும், முறைப்படி ஆணை பிறப்பித்து மூடினாலன்றி அவ்வுரிமை அழியாது.

ஆயினும் எழுத்தில் இல்லாத உரிமை எளிதில் மறைக்கப்படும். தொழில் நகரங்கள் பெருகிய காலத்தில், புகை சூழ்ந்த தெருக்களில் வாழ்ந்த தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல காற்றைத் தேடி வெளியே வந்தபோது, பல இடங்களில் மூடிய கதவுகளையே கண்டனர். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தனர். அந்நிகழ்ச்சியை ஒட்டி ஐவர் சிறை சென்றனர். பின்னர் 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நுழைவுரிமைக்குமான சட்டம் நிறைவேறியது. அதன்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் பகுதியிலுள்ள பொதுப்பாதைகளை ஆராய்ந்து, சட்டத்தில் முடிவான சான்றாக நிற்கும் வரைபடத்தைத் தயாரிக்கலாயிற்று. இன்று இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இரு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளப் பொதுப்பாதைகள் பதிவாகியுள்ளன.

நான்கு நிற அம்புகள்

பொதுப்பாதைகள் யாவும் ஒரே வகையின அல்ல. பாதையில் நாட்டப்படும் கம்பத்திலுள்ள அம்பின் நிறத்தைக் கொண்டு வகையை அறியலாம்.

மஞ்சள் அம்பு: நடைபாதை. நடப்பவருக்கு மட்டும்.

நீல அம்பு: குதிரைப்பாதை. நடப்பவரும், குதிரை ஏறிச் செல்பவரும், மிதிவண்டியில் செல்பவரும் பயன்படுத்தலாம்.

ஊதா அம்பு: எந்திரம் பூட்டாத வண்டிகள் செல்லலாம். குதிரை வண்டியும் மிதிவண்டியும் இதில் அடங்கும்.

சிவப்பு அம்பு: மோட்டார் வண்டி உட்பட எல்லா வண்டிகளும் செல்லலாம்.

இவற்றுள் நடைபாதையே மிகுதி. இங்கிலாந்தின் பொதுப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமை உள்ளவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். நீல அம்பைப் பின்பற்றி மகிழ்ச்சியாகச் செல்லும் ஒருவர் திடீரென மஞ்சள் அம்பைக் கண்டு நிற்க நேர்வதும் உண்டு. பழங்காலத்தில் எந்தப் பாதையில் குதிரை சென்றது, எதில் செல்லவில்லை என்பதைப் பொறுத்தே இன்றைய உரிமை அமைந்திருப்பதுதான் இதற்குக் காரணம்.

மிதிவண்டி வந்த கதை

1885-ஆம் ஆண்டு கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக உள்ள ரோவர் மிதிவண்டியை வெளியிட்டார். இன்று நாம் ஓட்டும் வண்டியின் முன்னோடி அதுவே. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே 1888-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உள்ளாட்சிச் சட்டம், மிதிவண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒரு வண்டியே என்று அறிவித்தது. இதனால் மிதிவண்டிக்குச் சாலையில் உறுதியான இடம் கிடைத்தது. ஆனால் வண்டி என்று ஆகிவிட்டதால், வண்டி செல்ல உரிமையில்லாத நடைபாதையும் குதிரைப்பாதையும் அதற்கு அடைபட்டன.

இந்நிலை 80 ஆண்டுகள் நீடித்தது. 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப்பாதைகளை மிதிவண்டிக்குத் திறந்துவிட்டது. அதனுடன் ஒரு நிபந்தனையும் விதித்தது: மிதிவண்டியில் செல்பவர் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். மிதிவண்டிக்கு ஏற்றவாறு பாதையைச் செம்மைப்படுத்தித் தரும் கடமை யாருக்கும் இல்லை என்றும் கூறியது. பின்னால் வந்தவர், முன்னரே இருந்தவருக்கு வழிவிட்டுச் செல்ல வேண்டும் என்பதே இதன் கருத்து. நடைபாதைகளோ பழையபடியே இருந்தன.

அப்படியானால் வயல்வழி நடைபாதையில் மிதிவண்டி ஓட்டுவது குற்றமா? இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாலை ஓரத்தில் நடப்பவருக்கென அமைந்த நடைமேடையில் மிதிவண்டி ஓட்டுவது 1835-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். வயலின் குறுக்கே செல்லும் நடைபாதைக்கு அந்த விதி பொருந்தாது. தனியான தடை ஆணையோ உள்ளூர் விதியோ இல்லாத இடத்தில், அங்கே மிதிவண்டி ஓட்டுவது நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறலாகும். அவர் வெளியேறும்படி கேட்கலாம். சேதம் நேர்ந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். காவலர் வந்து கைது செய்யும் குற்றமாக அது அமையாது. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாமா என்பதில் சட்ட அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

குற்றம் ஆகாது என்பதால் அது சரி ஆகிவிடுமா? நம் மனச்சான்று சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. ஆகவே உழவரின் பக்கம் சற்றுத் திரும்புவோம்.

உழவரின் தோளில் உள்ள கடமைகள்

தம் நிலத்தின் நடுவே பொதுப்பாதை செல்வதால் உழவர் ஏற்க வேண்டிய கடமைகள் பல. 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமும், 1990-இல் அதில் செய்யப்பட்ட திருத்தங்களும் அவற்றை விளக்குகின்றன.

வயல் ஓரமாகச் செல்லும் பாதையை அவர் உழவே கூடாது. வயலின் குறுக்கே செல்லும் பாதையை, வேறு வழியில்லாதபோது உழலாம். ஆனால் ஒரு பயிருக்காக முதன்முறை உழுதபின் 14 நாட்களுக்குள் பாதையை மீண்டும் சமப்படுத்தித் தடம் தெரியும்படி செய்ய வேண்டும். அதன்பின் விதைப்பு முதலிய வேலைகளால் மறுபடியும் கிளறினால் 24 மணி நேரத்துக்குள் சீர் செய்ய வேண்டும். பாதையின் அகலம் பதிவேட்டில் குறிக்கப்படாத இடத்தில், குறுக்கே செல்லும் நடைபாதைக்கு 1 மீட்டரும் ஓரமாகச் செல்வதற்கு 1.5 மீட்டரும் குறைந்த அளவாக விட வேண்டும். குதிரைப்பாதையானால் முறையே 2 மீட்டரும் 3 மீட்டரும் விட வேண்டும். வளர்ந்த பயிர் பாதைமீது சாய்ந்து மூடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வேலியை ஏறித் தாண்டும் மரப்படிகளையும் கதவுகளையும் பழுதின்றி வைத்திருப்பதும் அவர் பொறுப்பே. 10 மாதத்துக்கு மேற்பட்ட கறவை இனக் காளையைப் பொதுப்பாதை செல்லும் வயலில் அவிழ்த்துவிடக் கூடாது என்று 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டளையிடுகிறது.

இவ்வளவும் அவர் செய்வது நடந்து செல்லும் முன்பின் அறியாதவர்களுக்காக. அந்த 1 மீட்டர் அகலத்தை நாம் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். மிதிவண்டியின் கைப்பிடி மட்டுமே அரை மீட்டருக்கு மேல் இருக்கும். எதிரே ஒரு முதியவர் கைத்தடியுடன் வந்தால், இருவரில் ஒருவர் பயிரில் இறங்கியாக வேண்டும். யார் இறங்கினாலும் மிதிபடுவது உழவரின் கோதுமை. மேய்ச்சல் நிலத்துப் புல்லும் பயிரே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனியாவது கோடையில் அறுத்து வைக்கும் அந்தப் புல்தான்.

சக்கரம் செய்யும் வேறுபாடு

ஒரு மிதிவண்டி சென்றால் என்ன கெட்டுவிடும் என்று நாம் கேட்கலாம். உலர்ந்த நாளில் ஒன்று சென்றால் தடம்கூடத் தெரியாது. ஆனால் பாதை ஒருவருக்காக மட்டும் இல்லை. ஈரமான களிமண் நிலத்தில் பல சக்கரங்கள் ஒரே கோட்டில் சென்றால் பள்ளம் விழும். சரிவான இடத்தில் அப்பள்ளம் மழைநீருக்கு வாய்க்காலாகி மண்ணை அரிக்கும். பள்ளத்தைத் தவிர்க்க அடுத்து வருபவர் பக்கத்தில் ஓட்டுவார். பாதை பயிருக்குள் அகன்றுகொண்டே போகும். நடப்பவரின் காலணியும் குதிரையின் குளம்பும் நிலத்தைக் கெடுப்பதில்லையா என்றால், அவையும் கெடுக்கத்தான் செய்கின்றன. நேர்மையாகப் பார்த்தால் மண்ணுக்கு நேரும் சேதத்தில் மிதிவண்டி மட்டும் குற்றவாளி ஆகாது.

பெரிய வேறுபாடு வேகத்திலும் ஓசையின்மையிலும் இருக்கிறது. நடந்து வரும் மனிதரை விலங்குகள் தொலைவிலேயே கண்டு மெல்ல ஒதுங்குகின்றன. ஓசையின்றி விரைந்து வரும் மிதிவண்டியோ அவற்றைத் திடுக்கிடச் செய்கிறது. வசந்த காலத்தில் செம்மறிகள் குட்டி ஈனும். நிறைசினையான ஆட்டை விரட்டி ஓடச் செய்தால் குட்டி கலைந்துபோக நேரிடலாம். பிறந்த குட்டி தாயைப் பிரிந்து குளிரில் விறைக்கலாம். கன்று ஈன்ற பசு தன் கன்றுக்கு ஆபத்து என்று எண்ணினால் பாய்ந்து வரும். பொதுப்பாதையில் சென்றவர்கள் மாடுகளால் மிதிபட்டு இறந்த துயர நிகழ்ச்சிகள் அந்நாட்டில் உண்மையாகவே நேர்ந்திருக்கின்றன. ஆகவே இதில் மிதிவண்டியில் வருபவரின் உயிரும் அடங்கியிருக்கிறது.

கதவுகளையும் கவனிப்போம். உழவர் பொதுவாகக் கதவைச் சாத்தி வைப்பார். விலங்குகள் தண்ணீர் குடிக்கச் செல்வதற்காகச் சில வேளை திறந்தும் வைப்பார். இருந்தவாறே விட்டுச் செல்ல வேண்டும் என்பது நாட்டுப்புற நடத்தை விதிகளுள் ஒன்று. இவ்விதிகள் முதன்முதலில் 1951-இல் வெளியிடப்பட்டன. மிதிவண்டியில் ஏறியபடியே கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவர் அதைத் திரும்ப மூட மறப்பது எளிது. மூடாத ஒரு கதவால் மந்தை முழுவதும் சாலைக்கு வந்துவிடலாம். மேலும், பெரிய டிராக்டரை ஓட்டுபவர் பாதையில் நடந்து வருபவரை எதிர்பார்த்துக் கண்ணை ஓட்டுகிறார். நடப்பவரைப் போல் நான்கு மடங்கு வேகத்தில் வருபவரை அவர் எதிர்பார்ப்பதில்லை.

மிதிவண்டியினரின் நியாயம்

மறுபக்கத்தையும் கேட்காமல் தீர்ப்புக் கூறுவது நீதி ஆகாது. மிதிவண்டியில் செல்பவர் எல்லாரும் விளையாட்டுக்காக விரைபவர் அல்லர். நாம் மேலே கண்ட சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. வேலைக்குச் செல்லும் ஏழைத் தொழிலாளியும் ஒருவர். சாலையில் அவர்களுக்கு உயிருக்கு ஆபத்து. பாதையில் அவர்களால் பிறர் பயிருக்குச் சிறு இடையூறு. உயிர் பெரிதா, பயிர் பெரிதா என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

அருகிலுள்ள ஸ்காட்லாந்து வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. அங்கே 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, நடப்பவரும் குதிரையில் செல்பவரும் மிதிவண்டியில் செல்பவரும் பெரும்பாலான நிலங்களில் செல்லலாம். ஆனால் பொறுப்புடன் நடந்துகொள்வோருக்கே அவ்வுரிமை உண்டு. பயிர் வளரும் நிலப்பரப்பு அதில் சேராது. வயலின் விளிம்பைப் பயன்படுத்தலாம். ஸ்காட்லாந்தில் முடிவது இங்கிலாந்தில் ஏன் முடியாது என்று மிதிவண்டிச் சங்கத்தினர் கேட்கின்றனர். அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

இருபது ஆண்டு விதி

அப்படியானால் நல்ல மனமுள்ள உழவர்கூட ஏன் மறுக்கிறார்? "குழந்தைதானே, போகட்டும்" என்று கண்டும் காணாமல் இருந்துவிட்டால் என்ன? இங்கேதான் இப்பாடத்தின் உயிர்நாடி இருக்கிறது.

ஒரு வழியைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையுள்ளவர்போலப் பயன்படுத்தினால், உரிமையாளரே அதைப் பொதுவழியாக அளித்துவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. அவருக்கு அத்தகைய எண்ணமே இருந்ததில்லை என்பதற்குப் போதிய சான்று இருந்தாலன்றி இது மாறாது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்திலுள்ள இவ்விதி மிதிவண்டிப் பயன்பாட்டுக்கும் பொருந்தும் என்பதை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியது. ஆகவே உழவர் இரக்கத்தால் வாய்மூடி இருந்தால், 20 ஆண்டுகளில் அவருடைய நடைபாதை ஊதா அம்புப் பாதையாக மாறிவிடலாம். அதன்பின் அவரும் அவர் பிள்ளைகளும் அதை என்றுமே திரும்பப் பெற முடியாது. மௌனமான இரக்கத்துக்கு இத்தனை பெரிய விலை இருப்பதால்தான் "மிதிவண்டிக்கு அனுமதி இல்லை" என்னும் பலகையை அவர் நாட்டுகிறார். அப்பலகையைக் கல்நெஞ்சின் அடையாளம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

உரிமையுள்ளவர்போல என்பதற்குச் சட்டம் மூன்று அடையாளங்களை இலத்தீன் மொழியில் கூறுகிறது: நெக் வீ, நெக் க்ளாம், நெக் ப்ரெக்காரியோ. வன்முறையால் இருக்கக் கூடாது. மறைவாக இருக்கக் கூடாது. வேண்டிப் பெற்ற அனுமதியால் இருக்கக் கூடாது. மூன்றாவது சொல்லை உற்று நோக்குவோம். ப்ரெக்காரி என்றால் இலத்தீனில் வேண்டுதல், மன்றாடுதல். செபத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இந்த வேரில் முளைத்ததே. ஒருவர் கேட்டு, மற்றவர் மனமுவந்து கொடுத்தால், அது உரிமையாக உறைந்துபோகாது. கொடுத்தவர் எதையும் இழப்பதில்லை. பெற்றவரோ தடையின்றிச் செல்கிறார்.

இவ்விதி நமக்கும் அயலானது அன்று. ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்டு, முதலில் சென்னை மாகாணத்திலும் வேறு சில பகுதிகளிலும் நடைமுறைக்கு வந்தது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். பொதுமக்கள் பாதையைப் பற்றியது அன்று. ஒருவர் நிலத்தின் வழியே மற்றொருவர் செல்லும் வழிநடைப் பாத்தியத்தைப் பற்றியது. அதன் 15-ஆம் பிரிவும் அமைதியாகவும் வெளிப்படையாகவும் உரிமையோடும் 20 ஆண்டுகள் அனுபவித்தால் பாத்தியம் உண்டாகும் என்கிறது. அதிலேயே ஓர் எடுத்துக்காட்டும் தரப்பட்டுள்ளது. வழக்குத் தொடுத்தவர் அந்த 20 ஆண்டுகளில் ஒரே ஒருமுறை, தமக்கு உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டு நில உரிமையாளரிடம் அனுமதி கேட்டிருந்தால், வழக்குத் தள்ளுபடி ஆகும். பணிவோடு கேட்ட ஒரு சொல்லுக்கு அத்துணை ஆற்றல்!

திறந்திருக்கும் வழிகள்

பூசலைத் தீர்க்கச் சட்டமே சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. உழவர் அனுமதிப் பாதையாக விடலாம். அனுமதியின்பேரில்தான் என்று பலகை வைத்து, குட்டி ஈனும் காலத்தில் மூடவும் செய்யலாம். உள்ளாட்சியோடு உடன்பாடு செய்து குதிரைப்பாதையாக நிலையாகவே அளிக்கலாம். 1984-ஆம் ஆண்டின் மிதிவண்டித் தடச் சட்டப்படி, உள்ளாட்சி நடைபாதையை மிதிவண்டித் தடமாக மாற்றலாம். ஆனால் அப்பாதை விவசாய நிலத்தின் வழியே சென்றால், அந்நிலத்தில் சட்ட உரிமையுள்ள ஒவ்வொருவரும் எழுத்துமூலம் இசைந்தாக வேண்டும். நாடாளுமன்றமே உழவரின் கதவைத் தட்டிக் கேட்கும்படி கட்டளையிட்டிருக்கிறது என்று நாம் சொல்லலாம்.

இப்படிக் கலந்து வாழ முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் தென்பகுதியில் நல்ல சான்று உண்டு. சவுத் டவுன்ஸ் வே என்னும் நெடும்பாதை, வின்செஸ்டர் நகருக்கும் கடற்கரை நகரான ஈஸ்ட்போர்னுக்கும் இடையே சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் செல்கிறது. 1972-இல் திறக்கப்பட்டு, பின்னர் மேற்கே நீட்டிக்கப்பட்டது. ஆடு மேயும் புல்வெளிகளையும் தானிய வயல்களையும் கடக்கும் அப்பாதையில் நடப்பவரும் குதிரையில் செல்பவரும் மிதிவண்டியினரும் ஒருங்கே செல்கின்றனர். கிழக்கு முனையில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஏழு சகோதரிகள் என்னும் வெண்பாறை உச்சிகளின் வழியே நடப்பவர் செல்கின்றனர். மிதிவண்டியும் குதிரையும் உள்நாட்டுக் குன்றின் வழியே செல்கின்றன. இரு வழியினரும் சென்று சேரும் நகரம் ஒன்றே.

முடிவுரை

இனி நம் சிறுமிக்கு விடை கூறுவோம். ஒரு மாலை அவள் தன் தந்தையோடு பண்ணை வீட்டுக்கு நடந்து செல்லட்டும். "ஐயா, சாலை எனக்கு அச்சமாக இருக்கிறது. உங்கள் வயல்வழியே பள்ளிக்கு மிதிவண்டியில் போக அனுமதி தருவீர்களா? ஆடுகள் இருக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். கதவுகளை இருந்தபடியே விட்டுச் செல்வேன்" என்று கேட்கட்டும். உழவர் இசையலாம். மழைக்காலத்தில் வேண்டாம் என்னலாம். மறுக்கவும் செய்யலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. மறுத்தால், பெற்றோரும் ஊராரும் உள்ளாட்சியை அணுகி, சாலையில் வேகத்தைக் குறைக்கவும் தனித் தடம் அமைக்கவும் கேட்பதே அடுத்த வழி. கேட்டுப் பெறுவதைப் பற்றி மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம்.

கேட்காமல் செல்பவர் உழவரைப் பகைவராக்கிவிடுகிறார். அவரிடம் கேட்பவர் அவரை அயலாராகக் காண்கிறார். அனுமதியோடு ஒரு சிறுமி வயலைக் கடக்கும்போது, அவள் யார் என்று உழவருக்குத் தெரியும்; எந்த ஆடு சினையாக இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கு அருகே ஒரு குன்றின்மேல் கிசாலோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1949-ஆம் ஆண்டு அவ்வன்னையை மிதிவண்டியினரின் பாதுகாவலியாக அறிவித்தார். உழவரின் பாதுகாவலரோ மத்ரித் நகரத்துப் புனித இசிதோர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழுத ஏழை அவர். நம் தமிழ்க் கடற்கரையில் நடந்து நற்செய்தி அறிவித்த புனித சவேரியாரோடு ஒரே நாளில், 1622-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, புனிதராக அறிவிக்கப்பட்டார். மிதிவண்டிக்கு ஓர் அன்னை. ஏருக்கு ஒரு புனிதர். விண்ணகத்தில் அவர்களிடையே பூசல் இல்லை.

அன்பு மாணவியரே, நம்மில் பலர் நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளிக்கு வருகிறோம். குறுக்கு வழி என்று வரப்பின்மேல் சக்கரத்தை ஏற்றும்போது, அந்த வரப்பு உடைந்தால் வடிந்துபோகும் தண்ணீர் யாருடையது என்று எண்ணிப் பார்ப்போம். களத்துமேட்டின் ஓரமாகச் செல்லும்போது மணியை அடித்து விரையாமல் இறங்கி நடப்போம். வயலில் நிற்பவரைக் கண்டால், "இந்த வழியே போகலாமா?" என்று முதலில் கேட்போம். போகலாம் என்று அவர் சொன்னால் நன்றி கூறிச் செல்வோம். வேண்டாம் என்றால் திரும்பி வந்து சாலை வழியே செல்வோம்.